எள்ளுருண்டைக்குள்ளே இருந்தது

உக்காரும்மா, உக்காரு. கூடையைக் கீழ வைக்காத, வர்றவன் போறவன் எல்லாம் மிதிச்சுட்டுப் போவான். மடியிலயே வச்சுக்க. நாய்க்குட்டிதானே? நான் அப்பவே பாத்துட்டேன், துண்டுக்குள்ள இருந்து மூக்கு நீட்டுச்சு. கண்டக்டர் வந்தா துண்டை இழுத்து மூடிக்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்கு நாய்னா முன்னாடி ஆகாது. இப்ப அப்படியெல்லாம் இல்ல.

திண்டுக்கல்லா போற? நானும் டிக்கெட் அங்கதான் எடுத்திருக்கேன்.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. உங்க வீட்டுல மாத்திரை போடறவங்க யாராவது இருக்காங்களா? மாமியாரா? சுகரா, பிரஷரா? ரெண்டுமா, சரிதான். அப்ப இந்தக் குட்டி தாவ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மாத்திரை டப்பாவை மேல ஏத்திரு. கட்டிலுக்குப் பக்கத்துல, டிவி மேல, அங்க இங்கன்னு வைக்கவிடாத. தப்பித் தவறி முழுங்கிருச்சுன்னா உப்புத்தண்ணி கரைச்சு ஊத்தாத. எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க, ஊத்தாத. நாய் நல்லாத்தானே ஓடியாடுதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்துராத. அந்த மாத்திரை அட்டையைக் கையில எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. என்ன மாத்திரை, எத்தனை தின்னுச்சு, எப்பத் தின்னுச்சு, அதைச் சொன்னாப் போதும், மத்ததை அவங்க பாத்துக்குவாங்க. ஆனா உள்ளதைச் சொல்லணும். அதுதான்மா கஷ்டம்.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க நாய் இல்ல. பக்கத்து வீட்டு நாய்.

நீ வத்தலக்குண்டா? இல்லையா. அப்பச் சரி, சொல்லலாம். வத்தலக்குண்டுன்னா உனக்கு எங்க வீட்டுக்காரரைத் தெரிஞ்சிருக்கும். ஈபி ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவரு, சங்கரலிங்கம்னு பேரு. பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது, முருங்கை ஐயான்னா பச்சைப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு முன் ஹால்ல வகுப்பு எடுப்பாரு. பிரஷரு, சுகரு, மூட்டுவலி எல்லாத்துக்கும் கீரை, சூரணம், பத்தியம். காசு வாங்க மாட்டாரு, அதை நான் சொல்லியாகணும். பெரியகுளம், நிலக்கோட்டைன்னு எங்க எங்க இருந்தோ வருவாங்க. போன்ல குரூப் இருக்கு. அதுல ஆயிரம் பேரு இருப்பாங்கபோல, விடிஞ்சு எந்திரிச்சா டொய்ங் டொய்ங்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும்.

வகுப்பு ஆரம்பிக்கறப்ப அவரு ஒண்ணு சொல்லுவாரு. "எனக்கு அறுபத்தி நாலு வயசாகுது. இந்த வாயில ஒரு மாத்திரை போனதில்ல." அப்படின்னு சொல்லி வாயைத் திறந்து காட்டுவாரு. எல்லாரும் சிரிப்பாங்க, கை தட்டுவாங்க.

நான் அடுப்படியில சுக்குக்காபி போட்டுக்கிட்டு இருப்பேன்.

அவரு பொய்க்காரர் இல்லம்மா. நீ அப்படி நினைச்சுறாத. ஆரம்பத்துல நெசமாவே போடல. கீரைச்சாறுலயே ஓட்டுனாரு, நாலஞ்சு வருஷம். அப்புறம் ஒருநாள் பாத்ரூம்ல தலை சுத்தி விழுந்துட்டாரு. நெத்தியில ரத்தம். நான்தான் யாருக்கும் தெரியாம மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க டாக்டர் மிஷினைக் கட்டிப் பாத்துட்டு என்னைப் பாத்துத் திட்டுனாரு, "இந்த பிரஷரை வச்சுக்கிட்டு மனுஷனை நடமாட விட்டிருக்கீங்களே"ன்னு. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. இவரு வேண்டாம்னாரு. ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னாரு. நான் தாலியைக் கையில புடிச்சுக்கிட்டு அழுதேன். என் தாலிக்காகப் போடுங்கன்னேன். அப்புறம்தான் போட்டாரு. ஒரே வாரத்துல தலை சுத்தறது நின்னுபோச்சு.

மாத்திரை வாங்கறது என் பொறுப்பு. வத்தலக்குண்டுல வாங்க முடியுமா? மருந்துக்கடைக்காரன் தம்பியே எங்க வகுப்புக்கு வர்றான். அதனால மாசாமாசம் இந்த பஸ்ஸைப் புடிச்சுத் திண்டுக்கல். வீட்டுல அட்டையை வைக்கக்கூடாது, யாராவது பாத்துருவாங்க. அதனால மாத்திரையைப் பிதுக்கி எடுத்துட்டு அட்டையை அடுப்புல போட்டுருவேன். அப்பவும் மாத்திரையை எங்க வைக்கறது? எப்பப் போடறது? காலையில ஆறு மணிக்கே வாசல்ல ஆள் வந்துரும், ஐயாவைப் பாக்கணும்னு. அவங்க முன்னாடி தண்ணி குடிச்சு மாத்திரை போட முடியுமா?

அப்பத்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. எள்ளுருண்டை. கருப்பட்டி, எள்ளு, கொஞ்சம் நெய்யி. ஞாயித்துக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் உருண்டை புடிப்பேன், ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு மாத்திரை. காலையில எல்லாரும் பாக்கப் பாக்க ஒரு உருண்டையை வாயில போட்டு வெதுவெதுன்னு தண்ணி குடிப்பாரு. "இது என் உடம்புக்குன்னு அளந்து செஞ்சது, யாருக்கும் தர மாட்டேன்"னு சொல்லுவாரு. சனங்க அதையும் போன்ல படம் புடிச்சுப் போட்டாங்க. ஐயாவோட காலை உணவுன்னு. அதைப் பாத்துட்டு எத்தனை வீட்டுல எள்ளுருண்டை செஞ்சாங்களோ தெரியாது.

எனக்குச் சிரிப்பு வந்துச்சு அப்ப. கெட்டிக்காரின்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். இப்ப எள்ளு விக்கற கடைப்பக்கமே திரும்பறதில்ல.

பக்கத்து வீடு பூங்கோதை. என்னைவிட பத்துப் பன்னெண்டு வயசு சின்னவ. அரசிக்கா அரசிக்கான்னு வாய் ஓயாம கூப்பிடுவா. அவ வீட்டுக்காரரு தவமணி, மாவு மில் வச்சிருந்தாரு. மிளகாய் அரைச்சுட்டுத் தும்முவாரு பாரு, தெருக்கோடிக்குக் கேக்கும். ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு கம்பிக்கதவு உண்டு, பூட்டுனதே கிடையாது. குழம்பு இந்தப் பக்கம் வரும், பொரியல் அந்தப் பக்கம் போகும்.

தவமணிக்கும் பிரஷர். எங்க வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, போன வருஷம் சித்திரையில ஒருநாள் வகுப்புக்கு வந்து எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னாரு. சட்டைப்பையில இருந்து மாத்திரை அட்டையை எடுத்தாரு. "இன்னையில இருந்து இது வேண்டாம் ஐயா"ன்னு சொல்லிட்டு எங்க வீட்டுக் குப்பைக்கூடையில போட்டாரு. ஒரே கைதட்டல். எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சுப் போய்க் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. நானும் அடுப்படி வாசல்ல நின்னு கை தட்டுனேன்.

தட்டாம என்ன செய்யறது? எல்லாரும் தட்டறாங்க.

ஆவணியில அவருக்குக் கை கால் விழுந்துருச்சு. வலது பக்கம். மில்லுல மூட்டையைத் தூக்கப் போனவரு அப்படியே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரியில பொழைக்க வச்சுட்டாங்க, ஆனா பேச்சு போச்சு. வாய் ஒரு பக்கமாக் கோணி, என்ன சொன்னாலும் ஒரே முனகல்தான். மில்லைப் பூங்கோதை வாடகைக்கு விட்டுட்டா. கட்டில்தான் அவருக்கு எல்லாம்.

எங்க வீட்டுக்காரருக்கு மனசு கேக்கல, அது உண்மை. ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம் அவரே சொன்னாரு, "பத்தியம் இருந்திருக்க மாட்டான். ராத்திரி தயிர் சாப்பிட்டிருப்பான். தயிரு நாளத்தை அடைக்கும்." நான் போய்ப் பூங்கோதைகிட்ட கேட்டேன். "ஏன்டி, ராத்திரியில தயிர் ஊத்துனியா?" அவ என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா. "ஊத்துனேன்க்கா. வெயில் காலமாச்சேன்னு ரெண்டு மூணு நாள் தயிர்சாதம் போட்டேன். ஐயா படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, நான் கேக்கலையே. நானே என் கையால கெடுத்துட்டேனே." நான் அவ முதுகைத் தடவிக் குடுத்தேன். "நடந்தது நடந்துபோச்சு, விடு"ன்னேன்.

அன்னையில இருந்து அவ தயிரைத் தொடல. வீட்டுக்குள்ள பாலே வாங்கறதில்ல.

சன்னலைச் சாத்தவா? குட்டிக்குக் காத்து அடிக்குதா? சரி, இருக்கட்டும்.

அந்த நாயி ரோசி. செவலை நிறம், தெருநாய்தான், குட்டியில தூக்கிட்டு வந்து வளத்தாங்க. தவமணி படுத்ததுக்கு அப்புறம் அது கட்டிலை விட்டு நகராது. அவரு வாயில வேற எந்த வார்த்தையும் வராது. பொண்டாட்டி பேரு வராது, தண்ணி வேணும்னு சொல்ல வராது. "ரோ"ன்னு மட்டும் வரும். "ரோ"ன்னா அது எந்திரிச்சு அவர் கையை நக்கும். டாக்டரே சொன்னாராம், அதைக் கூப்பிடச் சொல்லுங்க, பேச்சு வர்றதுக்கு அதான் மருந்துன்னு. பூங்கோதை எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவா. இன்னைக்கு ரோசின்னு முழுசா வரப் பாத்துச்சுக்கா, நாளைக்கு வந்துரும்க்கான்னு.

போன மாசம் ஒரு திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை நான் உருண்டை புடிச்சு வச்சிருக்கேன். அந்தத் தடவை ரெண்டு வாரத்துக்குச் சேத்துப் புடிச்சுட்டேன், மகள் வீட்டுக்கு மதுரைக்குப் போறதா இருந்துச்சு. எவர்சில்வர் டப்பாவைத் திறந்து அவருக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்தேன், அதுக்குள்ள பால்காரன் மணி அடிச்சான். டப்பாவைப் பின்வாசல் மேடையில அப்படியே வச்சுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா டப்பா கீழ கிடக்கு. ரோசி நாக்கைச் சுழட்டிச் சுழட்டி அடியை நக்கிக்கிட்டு இருக்கு.

ஒண்ணுகூட மிச்சமில்ல.

டப்பாவைக் குனிஞ்சு எடுத்தேன். அதுக்குள்ள பூங்கோதை கம்பிக்கதவுகிட்ட நின்னு சிரிக்கறா. "அய்யய்யோ அரசிக்கா, ஐயாவோட உருண்டையைப் பூரா தின்னுருச்சா? திருட்டுக் கழுதை! ஐயா திட்டப்போறாரு. நான் எள்ளு வாங்கித் தந்துடறேன்க்கா." அப்படின்னு நாயைத் தட்டிக் கூட்டிட்டுப் போயிட்டா. நாய் வாலை ஆட்டிக்கிட்டுப் போகுது.

நான் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. வாசல்ல பெரியகுளத்து ஆளுங்க நாலு பேரு உக்காந்திருக்காங்க.

உள்ள போய் இவரைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன். அவரு மொகம் செத்துப்போச்சு. அப்புறம் சொன்னாரு, "நாய்தானே, வாந்தி எடுத்துரும். உப்புத்தண்ணியைக் கரைச்சு ஊத்து, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாத." நானும் ஒரு சொம்புல உப்பைக் கரைச்சு எடுத்துக்கிட்டுப் பூங்கோதை வீட்டுக்குப் போனேன். "எள்ளு நெறயாத் தின்னா சூடு, வாந்தி எடுக்க வச்சிரலாம்"னு சொன்னேன். அவளும் நம்பிட்டா. நான் வாயைப் புடிச்சுக்க, அவ ஊத்துனா. கொஞ்சம் வந்துச்சு, கருப்பா. எனக்கு மாத்திரை தெரியுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். ஒண்ணும் தெரியல. பூங்கோதை சொல்றா, "எங்க நாய்க்காக நீங்க இவ்வளவு பாக்கறீங்களேக்கா"ன்னு.

அப்புறம் வீட்டுக்கு வந்து சோறு வடிச்சேன். மணி பத்தாச்சு, பதினொண்ணாச்சு. காது பூரா அந்தப் பக்கம்தான். தவமணி "ரோ"ங்கறது கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் "ரோ." அப்புறம் விடாம "ரோ, ரோ, ரோ"ங்கறாரு. நான் குக்கரை இறக்கிட்டுப் போனேன். நாய் கட்டிலுக்கு அடியில கிடக்கு. எந்திரிக்கப் பாக்குது, பின்னங்கால் நிக்கல. எந்திரிச்சு எந்திரிச்சு விழுது. அந்த மனுஷன் இடது கையைக் கீழ தொங்கவிட்டு அது தலையைத் தேடறாரு. எட்டல.

பூங்கோதை ஆட்டோ கூப்பிட்டா. நானும் ஏறிக்கிட்டேன். ஆட்டோவுலயாவது சொல்லியிருக்கலாம்ல? அவளும் நானும் மட்டும்தான். ஆட்டோக்காரன் இருந்தான், சரி, அவன் காதுல விழாமச் சொல்லியிருக்கலாம். நான் என்ன பண்ணேன் தெரியுமா? பிள்ளையாருக்குச் சூறைத்தேங்காய் நேந்துக்கிட்டேன்.

மாட்டாஸ்பத்திரியில டாக்டரு சின்ன வயசுப் பையன். ஈறைத் தூக்கிப் பாத்தாரு, வெள்ளையா இருந்துச்சு. தொடை இடுக்குல விரலை வச்சு நாடி பாத்தாரு. நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்தாரு. "என்ன தின்னுச்சு?"

பூங்கோதை சொல்றா, "எள்ளுருண்டை சார். பக்கத்து வீட்டு ஐயா சாப்பிடறது. சுத்தமான கருப்பட்டி சார்."

"எள்ளுருண்டைக்கு நாய் இப்படிக் கிடக்காதும்மா. வயல்பக்கம் போச்சா? எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது?"

"இல்ல சார், வீட்டை விட்டே போகாது."

"தெரியாமத் தின்னிருக்கும். பூச்சி மருந்து மாதிரிதான் தெரியுது"ன்னு சொல்லிட்டு ஊசியை உடைக்கறாரு. நான் கேட்டேன், "தம்பி, பூச்சி மருந்தா இல்லாட்டி இந்த ஊசி ஒண்ணும் பண்ணாதுல்ல?" அவரு திரும்பி என்னைப் பாத்தாரு. "வேற மருந்தா இருந்தா இதுவே கெடுதலாப் போகலாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமாம்மா? தெரிஞ்சா இப்பச் சொல்லிடுங்க. நாடி இறங்கிக்கிட்டே இருக்கு."

நாய் என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. காலையில உருண்டை வச்சவ இவதானேன்னு ஒரு நன்றியோட பாக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு.

"அம்லோடிபின் அஞ்சு"ன்னேன்.

எனக்கு ஏபிசிடி கூட ஒழுங்கா வராதும்மா. ஆனா அந்தப் பேரு நாக்குல தடுமாறாம வரும். மாசாமாசம் கடையில கேட்டுக் கேட்டு மனப்பாடம். டாக்டர் கை அப்படியே நின்னுச்சு. "எத்தனை?"ன்னாரு. உருண்டைக்கு ஒண்ணு, ரெண்டு வாரத்துக்குன்னேன். "எப்போ?" காலையில, பால் வர்ற நேரத்துல. அவரு சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தாரு. "உப்புத்தண்ணி வேற ஊத்துனோம்"னேன். "அது வேறயா!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. "அது இன்னும் கெடுதல்மா. வாந்தி எடுக்க வைக்கணும்னா நாங்க பாத்து வைப்போம். தின்ன உடனே வந்திருந்தீங்கன்னா வயித்தைச் சுத்தம் பண்ணி அனுப்பியிருப்பேன். இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

சோறு வடிச்சேன்னு சொல்ல முடியுமா?

அப்புறம் விறுவிறுன்னு வேலை நடந்துச்சு. முன்னங்கால்ல முடியைச் சிரைச்சு ஊசி ஏத்துனாங்க, குளுக்கோஸ் பாட்டில் மாட்டுனாங்க, வேற ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டா ஏத்திக்கிட்டே நெஞ்சைக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. சீட்டுல எழுதறதுக்காகக் கேட்டாரு, "யாரோட மாத்திரை?"

"எங்க வீட்டுக்காரரோடது"ன்னேன்.

பூங்கோதை நாயோட தலையை மடியில வச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தா. நிமிரவே இல்ல. நாய்க் காதைத் தடவிக்கிட்டே இருந்தா. "எங்க வீட்டுல இவருக்கு எழுதிக் குடுத்ததும் அதானேக்கா"ன்னா. நான் ஆமான்னேன். "ஐயா எவ்வளவு நாளாப் போடறாரு?" நாலு வருஷம்னேன். அவ மனசுக்குள்ள கணக்குப் போடறது எனக்குத் தெரியுது. திட்டுவா, மயிரைப் புடிச்சு இழுப்பான்னு நினைச்சேன். கொஞ்சம் தள்ளிக்கூட உக்காந்தேன்.

அவ கேட்டா, "அப்போ தயிர் இல்லையாக்கா?"

அவ்வளவுதான் கேட்டா. சின்னப்பிள்ளை கேக்கற மாதிரி.

தரையில ஒரு ஓட்டை இருந்திருந்தா உள்ள போயிருப்பேன். எனக்கு அவ்வளவு அசிங்கமா இருந்துச்சு. பாட்டில்ல மருந்து முடியப்போகுது பாருன்னு சொன்னேன்.

நாய் பொழைச்சுக்கிச்சு. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்துச்சு, அப்புறம் தானா எந்திரிச்சு நின்னுச்சாம். டாக்டர் தம்பி பூங்கோதைகிட்ட சொல்லியிருக்காரு, "அந்தம்மா மட்டும் சொல்லலைன்னா நாய் போயிருக்கும்"னு. நெசம்தானே? நான்தானே சொன்னேன்? மானத்தை விட்டுட்டு ஒரு நாய்க்காகச் சொன்னேன். அவ அதுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

எங்க வீட்டுக்காரரு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அந்த டாக்டரு நம்ம குரூப்ல இருக்கானா?" அப்புறம் ரெண்டு நாள் வாசக்கதவையே திறக்கல. ஊர் பூராப் பரவிரும்னு பயந்து கிடந்தோம். ஒண்ணும் பரவல. பூங்கோதை யார்கிட்டயும் வாயைத் திறக்கல. ஒருநாள் கம்பிக்கதவுகிட்ட வந்து நின்னா, நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். "அக்கா, இது அவரு காதுக்குப் போகவேண்டாம். ஐயா பேருல நம்பிக்கை வச்சுத்தான் இன்னும் காலையில சாறு குடிக்கறாரு. தெரிஞ்சா தாங்க மாட்டாரு"ன்னா. கதவைச் சாத்திக் கம்பியைச் சுத்திக் கட்டிட்டுப் போனா. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தவமணிக்கு மாத்திரையா? அவருக்கு ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்தே குடுக்கறாங்க. அதே வெள்ளை மாத்திரைதான். முந்தியே போட்டிருக்கவேண்டியது.

வகுப்பா? நடந்துச்சு. ரெண்டு ஞாயிறு உடம்பு சரியில்லைன்னு குரூப்ல போட்டாரு, போன ஞாயிறு ஆரம்பிச்சுட்டாரு. வாயைத் திறந்து காட்டறது மட்டும் இல்ல. மத்ததெல்லாம் பழையபடிதான். நான் உருண்டை புடிக்க மாட்டேன்னுட்டேன். இப்ப ராத்திரி கதவைச் சாத்திட்டு மாத்திரையாவே போட்டுக்கறாரு.

அன்னைக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருந்துச்சு. உன் வயசுதான் இருக்கும். கழுத்துல மஞ்சக்கயிறு புதுசா இருந்துச்சு. சுக்குக்காபி வாங்க அடுப்படிக்கு வந்து மெதுவாக் கேக்குது, "அம்மா, எங்க அப்பாவுக்கு பிரஷர். செம்பட்டியில பஸ் நிக்கற எடத்துக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்காரு. ஐயா வீடியோ பாத்துட்டு மாத்திரையை நிறுத்தப்போறேங்கறாரு. எனக்குப் பயமா இருக்கு. ஐயா நெசமாவே மாத்திரை போடறதில்லையாம்மா?"

இத்தனை வருஷத்துல என்கிட்ட யாரும் நேரா வந்து கேட்டதில்லம்மா. சத்தியமா. இவதான் முதல்ல கேட்டது.

"ஐயாகிட்டயே கேளும்மா, காபி ஆறுது"ன்னுட்டேன்.

அது போயி ஐயாகிட்டக் கேக்கல. காபியைக் குடிச்சுட்டுக் கும்பிட்டுட்டுப் போயிருச்சு. அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. கண்ணை மூடினா ஒரு டீக்கடையும் அதுல ஒரு ஆளு டீ ஆத்தறதும் தெரியுது. நான் பாத்ததே இல்லாத ஆளு. அதான் இன்னைக்குக் கிளம்பிட்டேன். வீட்டுல மாத்திரை வாங்கத் திண்டுக்கல் போறேன்னுதான் சொல்லியிருக்கேன். வழியில செம்பட்டியில இறங்கி, ஒரு டீயைச் சொல்லிட்டு, அந்த ஆளுகிட்ட ரெண்டே வார்த்தை. மாத்திரையை நிறுத்தாதீங்க, ஐயாவே போடறாரு. பேரெல்லாம் சொல்லவேண்டியதில்ல. யாரு நீன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் யோசிச்சுக்கிட்டே வர்றேன்.

இன்னொண்ணு இருக்கு. பூங்கோதைகிட்ட இதை மட்டும் சொல்லல. உன்கிட்டச் சொல்லலாம், நீ யாரோ. தவமணி அன்னைக்குக் குப்பைக்கூடையில போட்டாருன்னு சொன்னேன்ல, அந்த அட்டை. எல்லாரும் போனதுக்கு அப்புறம் கூடையைக் கொட்டப் போனேன். புது அட்டை, ரெண்டு மாத்திரைதான் எடுத்திருந்துச்சு. அதே பேரு, அதே அஞ்சு. நல்ல மாத்திரை வீணாப் போவானேன்னு எடுத்துத் தொடைச்சேன். அந்த வார உருண்டைக்குள்ள அதைத்தான் வச்சேன்.

அவரு போடவேண்டிய மாத்திரையை இவரு முழுங்கி, இவரு நல்லா இருக்காரு.

என்னம்மா, குட்டி தூங்கிருச்சா? இது எந்த ஊரு, சன்னல்பக்கம் பாத்துச் சொல்லு. என்ன, செம்பட்டி போயிருச்சா? எப்போ? அவ்வளவு நேரம் நின்னுச்சா பஸ்ஸு? எல்லாரும் இறங்கி ஏறுனாங்களா? நான் பேசிக்கிட்டே இருந்துட்டேனே. நீயாவது சொல்லக்கூடாதா?

இல்ல, கண்டக்டரைக் கூப்பிடாத. விடு. நடுரோட்டுல இறக்கிவிடுவான், இந்த வெயில்ல எங்க நடக்கறது? முதல்ல திண்டுக்கல் போயி மாத்திரையை வாங்கிக்கறேன், இவருக்கு நாளையோட தீந்துருது. வர்றப்ப இறங்கிக்கலாம். டீக்கடை எங்க போகப்போகுது? சாயங்காலம் வரைக்கும் திறந்துதான் இருக்கும்.

அப்படிப் பாக்காதம்மா. வர்றப்ப இறங்கிருவேன்.